கேள்வி-பதில்: கிழித்துப் போட்டால் தீர்ந்ததா?

கேள்வி: சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில் இருபது நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டேனாம். 100 பவுண்ட் கேட்டு ஒரு கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது. ‘சும்மா மிரட்டுறாங்க, கிழிச்சுப் போடு’ என்கிறார் மச்சான். பேசாமல் இருந்துவிடலாமா?
– ஒரு வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: மச்சான் பெயருக்கே கடிதம் வந்தால் அவர் கிழித்துப் போடுவாரா என்று முதலில் கேளுங்கள். அவர் சொல்வது 2012-க்கு முந்தைய யோசனை. அப்போது காரை ஓட்டியது யார் என்று கம்பெனிக்குத் தெரியாது; தெரியாத ஆளிடம் பணம் கேட்க முடியாது. அந்த வருடம் அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த சட்டம், தனியார் இடத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தது. நல்லதுதான். ஆனால் ஓட்டியவர் யாரென்று சொல்லாவிட்டால், கார் யார் பெயரில் பதிவாகி இருக்கிறதோ அவரிடம் வசூலிக்கலாம் என்ற வழியையும் அதே சட்டம்தான் திறந்துவிட்டது.

‘இவ்வளவு தொகையா, அநியாயம்’ என்று வாதாடலாமே என்றால், அதுவும் பார்த்தாகிவிட்டது. செம்ஸ்ஃபோர்டில் இரண்டு மணி நேரம் இலவசமாக நிறுத்தும் இடத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்ற ஒருவர், 85 பவுண்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-ல் தோற்றார்.

அதற்காக உடனே கட்டிவிடுங்கள் என்று சொல்லவில்லை. கடிதத்தை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் நேரே தபாலில் வந்த நோட்டீஸ் என்றால், நிறுத்திய நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். தாமதமாக வந்திருந்தால் கார் உங்கள் பெயரில் பதிவாகி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து உங்களிடம் கேட்க முடியாது. இங்கேதான் நம்மவர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள்: ‘ஐயா, நான்தான் ஓட்டினேன், மன்னியுங்கள்’ என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் அந்த 14 நாள் கணக்குக்கு வேலையே இல்லை.

இன்னொன்று. கேமரா பதிவு செய்வது நீங்கள் உள்ளே நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும்தான். இடம் தேடிச் சுற்றியது, வெளியேற வரிசையில் நின்றது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். நேரம் முடிந்தபின் குறைந்தது 10 நிமிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது இந்தக் கம்பெனிகளின் சங்கங்களே வகுத்த விதி. இருபதில் பத்தைக் கழியுங்கள், மிச்சத்துக்குக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். கடை ரசீது இருந்தால் மேனேஜரிடம் காட்டிப் பேசுங்கள். கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் ரத்தாவது உண்டு.

எதுவும் நடக்கவில்லையா? 28 நாளுக்குள் கம்பெனிக்கே முறையீடு எழுதுங்கள். மறுத்தால், அது எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ‘பாப்லா’ அல்லது ‘ஐ.ஏ.எஸ்.’ என்ற மேல்முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். அவ்வளவு தூரம் போய்த் தோற்றால் முழுத் தொகை. சீக்கிரம் கட்டினால் 60 பவுண்ட் போதும் என்று வழக்கமாகத் தரும் சலுகை போய்விடும். ஆதாரம் பலமாக இல்லை என்றால் அந்த அறுபதைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதே புத்திசாலித்தனம் என்பேன்.

பேசாமல் இருந்தால் என்ன ஆகும்? கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து சிவப்பு எழுத்தில் கடிதங்கள் வரும். அவர்கள் பெய்லிஃப் (சட்ட அதிகாரத்தோடு வந்து வசூலிப்பவர்) அல்ல, உங்கள் வாசலைத் தாண்ட அவர்களுக்கு அதிகாரம் இல்லை. மச்சான் சொல்வது இதுவரை சரி. ஆனால் கவுண்டி கோர்ட்டிலிருந்து (சிவில் நீதிமன்றம்) வரும் உறை வேறு. அதற்கு 14 நாளுக்குள் பதில் போடாவிட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் ஆறு வருடம் உங்கள் கடன் பதிவில் அது நிற்கும். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது தெரியும் அதன் அருமை.

நோட்டீஸ் கவுன்சில் (உள்ளாட்சி நிர்வாகம்) போட்டதாக இருந்தால் கதையே வேறு. கம்பெனி நோட்டீஸ், கவுன்சில் நோட்டீஸ் இரண்டையுமே சுருக்கமாக பி.சி.என். என்றுதான் சொல்கிறார்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள். 14 நாளுக்குள் பாதிப் பணம்; மறுப்பு எழுதலாம், அப்புறம் இலவசமாகத் தீர்ப்பாயம் வரை போகலாம். சும்மா இருந்தால் தொகை ஒன்றரை மடங்காகும், கடைசியில் நிஜமான பெய்லிஃப் வந்து காருக்கே பூட்டுப் போடுவார்.

வீடு மாறியிருக்கிறீர்களா? வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வில் முகவரியை மாற்றினீர்களா? கடிதங்கள் எல்லாம் அங்கே இருக்கும் முகவரிக்குத்தான் போகும். பழைய வீட்டுக் கதவடியில் குவிந்து, நமக்குத் தெரியாமலே தீர்ப்பாகிப் போனவை நிறைய. அதை ரத்து செய்யவும் கோர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தக் கட்டணம் நீங்கள் கட்ட மறுத்த 100 பவுண்டைவிட அதிகம்.