மகள் விமானி ஆகிவிட்டாள், பொங்கலுக்கு வருவாளா?

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஆறு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்யும் விவசாயி நான். நிலத்தில் ஒரு பகுதியை விற்றும் வங்கியில் கடன் வாங்கியும் ஒரே மகளை விமானிப் படிப்பு படிக்க வைத்தோம். நான்கு மாதங்களுக்கு முன்பு துணை விமானியாக வேலையில் சேர்ந்து சென்னையில் இருக்கிறாள். தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கும் உறுதி சொல்ல முடியாது என்கிறாள். தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு வயலில் இறங்குவதற்கு முன்பு அவளை அழைப்பேன். பாதி நாள் எடுப்பதில்லை. மாதத்துக்கு எண்பது மணி நேரம்தானே வேலை, அதற்கா இவ்வளவு என்று ஊரில் கேட்கிறார்கள். வெளியூர் ஓட்டல்களில் தங்குகிறாளே என்று அவள் அம்மா கவலைப்படுகிறாள். வரன்களும் வரத் தொடங்கிவிட்டன. இந்த வேலை இப்படித்தான் இருக்குமா?

பதில்: ஐயா, முதல் சில ஆண்டுகளுக்கு இப்படித்தான் இருக்கும். உங்கள் மகள் உங்களை விட்டு விலகிப் போகவில்லை என்பதை முதலில் உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். நானும் நன்னிலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போய் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயணிகள் விமானம் ஓட்டி ஓய்வு பெற்றவன். வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் மூன்று பொங்கலில் ஒன்றுக்குக்கூட நான் வீட்டில் இல்லை. அதை என் அப்பாவுக்கு எடுத்துச் சொல்ல அன்று யாரும் இல்லாததால்தான் உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எண்பது மணி நேரக் கணக்கை முதலில் பார்ப்போம். விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுபடி வந்து நிற்பது வரையிலான நேரத்தை மட்டுமே பறந்த நேரமாக எழுதுவார்கள். சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பி, பிறகு ஹைதராபாதுக்குப் போய்த் திரும்பும் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பயணங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் என்று பதிவாகும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே அவள் பணியில் கையெழுத்திட்டு, மது அருந்தவில்லை என்பதைக் காட்டும் மூச்சுச் சோதனை கொடுத்து, வானிலையும் எரிபொருளும் பார்த்திருப்பாள். ஒவ்வொரு ஊரிலும் பயணிகள் இறங்கி ஏறும்வரை இருக்கையிலேயே அடுத்த பயணத்துக்கான வேலை நடக்கும். கடைசியில் காகித வேலையும் உண்டு. எல்லாம் சேர்ந்தால் எட்டரை மணி நேரத்துக்குக் குறையாது. வாரத்துக்கு 35 மணி நேரம், ஆண்டுக்கு 1000 மணி நேரம் என்ற வரம்புக்கு மேல் பறக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதித்திருப்பதே களைப்பினால் தவறு நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். கதிர் அறுக்கும் நாட்களை மட்டும் எண்ணிவிட்டு, விவசாயிக்கு வருடத்தில் பத்து நாள்தான் வேலை என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும் அவளுக்கும்.

அடுத்தது ரோஸ்டர் எனப்படும் பணிப்பட்டியல். மாதத்துக்கோ பதினைந்து நாட்களுக்கோ ஒருமுறை அது வரும். வந்த பிறகும் மாறும். கடைமடை என்றால் என்னவென்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12 அன்றே தண்ணீர் திறந்தாலும், தலைமடையில் நடவு முடிந்து பயிர் பச்சை கட்டிய பிறகுதான் உங்கள் வாய்க்காலுக்கு ஈரம் வந்து சேரும். விமானிகளின் வரிசையில் உங்கள் மகள் இன்று கடைமடையில் இருக்கிறாள். அமெரிக்காவில் எந்தப் பயணம், எந்த விடுமுறை என்பதையெல்லாம் பணிமூப்பின்படி விமானிகளே கேட்டு எடுத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் கணினியின் துணையோடு நிறுவனமே ஒதுக்குகிறது. ஆயினும் பண்டிகைக் கால விடுப்பு, விரும்பிய ஊருக்கு மாற்றல் என்று வரும்போது இங்கும் மூத்தவர்களுக்கே பெரும்பாலும் முதல் வாய்ப்பு. புதியவர்கள் சேரச் சேர அவள் மேலே நகர்வாள். அதற்குக் குறுக்கு வழி கிடையாது, தேடவும் வேண்டாம்.

பொங்கலைப் பற்றிக் கேட்டீர்கள். பட்டியலில் பறக்கும் நாட்களும் ஓய்வு நாட்களும் தவிர ஸ்டாண்ட்பை என்று ஒன்று உண்டு. புதியவர்களுக்கு அது அடிக்கடி விழும். அன்று விமானம் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்காது. ஆனால் அழைப்பு வந்தால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். எனவே வேலை இல்லாத நாள்தானே, ஊருக்கு வந்துவிட்டுப் போ என்று சொல்ல முடியாது. அவள் சென்னையில் சீருடையைத் தேய்த்து மாட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பாள். மார்கழியிலும் தையிலும் டெல்லியில் மூடுபனி இறங்கிவிட்டால் விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் அனுமதிக்கப்பட்ட நேரம் அந்தத் தாமதத்திலேயே தீர்ந்துவிடும். அவர்கள் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஸ்டாண்ட்பையில் இருப்பவர்களைக் கூப்பிடுவார்கள். ஆகவே நாடே ஊருக்குப் புறப்படும் பொங்கல் வாரம் அவளுக்கு அழைப்பு மிகுதியாக வரும் வாரமாகவும் இருக்கிறது. இந்த ஆண்டு வர முடியாது என்றே வைத்துக்கொண்டு, வந்துவிட்டால் மகிழுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஓய்வு உண்டல்லவா என்று கேட்பீர்கள். 2024 ஜனவரியில் வெளியாகி 2025-ல் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்ந்திருக்கிறது. அதற்குள் இரண்டு இரவுகள் அடங்க வேண்டும். நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் ஒரு விமானி செய்யக்கூடிய தரையிறக்கங்களும் ஆறிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. இவற்றுக்கு ஈடு கொடுக்கப் போதிய விமானிகள் இல்லாமல் 2025 டிசம்பரில் நாடெங்கும் விமானங்கள் ரத்தாகி, சில தளர்வுகளும் தரப்பட்டதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

அந்த 48 மணி நேரத்தை உங்கள் ஊர்க் கணக்கில் பாருங்கள். மாலை நான்கு மணிக்குப் பணி முடிந்து, இரவு எழும்பூரில் மன்னை எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை மன்னார்குடி. அங்கிருந்து உங்கள் ஊர். அன்று இரவே திரும்பவும் ரயில் ஏற வேண்டும். உறங்குவதற்கென்று சட்டம் கொடுத்த இரண்டு இரவும் ரயில் பெட்டியிலேயே கழிந்துவிடும். திருச்சிக்கு விமானத்தில் வரலாம் என்றால், ஊழியருக்கான சலுகைச் சீட்டு பெரும்பாலும் இடம் மிஞ்சினால்தான் கிடைக்கும். அதற்குப் பிறகும் சாலையில் மூன்று மணி நேரம் இருக்கிறது. நான் இளைஞனாக இருந்தபோது ஊர்க் காப்புக்கட்டுத் திருவிழாவுக்காக இப்படி இரண்டு இரவும் பேருந்தில் வந்து போனேன். மறுநாள் தரையிறங்க வரும்போது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொன்ன உயரத்தைத் தவறாகத் திருப்பிச் சொன்னேன். அவர்களே உடனே திருத்தினார்கள். பக்கத்தில் இருந்த கேப்டன் ஒன்றும் பேசாமல் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே வாரா வாரம் வரச் சொல்லாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நீங்களும் அம்மாவும் சென்னைக்குப் போய் அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவது எல்லாருக்கும் நல்லது.

வெளியூர்த் தங்கல், அதாவது லேஓவர் பற்றிய கவலைக்கு வருகிறேன். உள்நாட்டு விமானங்களில் பல நாட்கள் போய்த் திரும்பிச் சொந்த வீட்டிலேயே படுக்கிற மாதிரிதான் அமையும். மாதத்தில் சில இரவுகள் வெளியூரில் கழியும். அவை ஊர் சுற்றும் நாட்கள் அல்ல. குவாஹாட்டியில் இரவு ஒன்பதே முக்காலுக்கு விமானம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வெளியே வரப் பத்தேகால், நிறுவனத்தின் வண்டியில் ஓட்டலுக்குப் போக பதினொன்று, சாப்பிட்டுக் குளித்துப் படுக்க நள்ளிரவு. மறுநாள் பதினொரு மணிப் பயணத்துக்கு ஒன்பது மணிக்கே வண்டி வந்து நிற்கும். தாளில் பன்னிரண்டு மணி நேர ஓய்வு என்றிருந்தாலும் ஏழு மணி நேரத் தூக்கம் கிடைத்தால் பெரிது. ஆனி மாதத்தில் அங்கே சூரியன் நாலரை மணிக்கே உதித்துவிடும். திரைச்சீலைகள் இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தாலும் அந்த வெளிச்சம் கத்தி போல முகத்தில் விழும். அலமாரியில் பேன்ட் தொங்கவிடும் கொக்கி ஒன்றிருக்கும். அதன் இரண்டு கவ்விகளாலும் திரைகளைச் சேர்த்துக் கவ்விவிட வேண்டும். என் முதல் கேப்டன் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. மகளிடம் கேட்டுப் பாருங்கள். இதற்குள் அவளும் தெரிந்து வைத்திருப்பாள்.

ஓட்டலில் அவளுக்குத் தனி அறை. உடன் வந்த பணிக்குழுவும் அதே ஓட்டலில்தான் தங்கும். விமான நிலையத்துக்குப் போக வர நிறுவனத்தின் வண்டி. பெண் விமானிகளின் விகிதம் அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியா முன்னணியில் இருக்கிறது. அந்த வாழ்க்கைக்கு இங்கே பழகிய வழிகள் உண்டு, துணைக்கு மூத்த பெண்களும் உண்டு என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மா கவனிக்க வேண்டியது வேறொன்று. ஊரிலிருந்து முறுக்கும் பருப்புப் பொடியும் தாராளமாகக் கொடுத்தனுப்பலாம். ஆயுர்வேத அரிஷ்டங்களை மட்டும் கொடுக்க வேண்டாம். தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் புளிக்கும்போது இயல்பாகவே உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தையும் பல் ஜெல்லையும்கூடத் தவிர்க்க வேண்டும் என்று 2023-ல் விதி வந்துவிட்டது. சளி மருந்தானாலும் விமானியரைப் பரிசோதிக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் அவள் குடிக்கக் கூடாது.

வரன் விஷயத்தில் என் கருத்து இது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவளுடைய இரண்டு மாதப் பணிப்பட்டியலை அப்படியே காட்டச் சொல்லுங்கள். அதிகாலை மூன்று மணிக்கு வண்டி வந்து நிற்பதும், பகல் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு உறங்குவதும், நாள் கிழமைகளில் வீட்டில் இல்லாததும் முன்பே தெரிந்து சம்மதித்தவர்களோடு மட்டும் பேச்சைத் தொடருங்கள். நிச்சயமானால், முகூர்த்த நாளைக் குறித்துவிட்டு விடுப்புக்கு அலையாதீர்கள். சில மாதங்களுக்கு முன்பே அவள் விடுப்பு கேட்டு, கிடைத்த நாட்களுக்குள் முகூர்த்தம் பாருங்கள். ஜோசியரிடமும் இதைச் சொல்லிவிட்டால் அவரே பார்த்துக் கொடுப்பார்.

களைப்பாக இருந்தால், இன்று என்னால் பறக்க இயலாது என்று சொல்லும் உரிமை விமானிக்கு உண்டு, அது கடமையும்கூட. புதியவர்கள் பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சி அதைச் சொல்லத் தயங்குவார்கள். கடன் இருக்கிறதே என்ற எண்ணம் அந்தத் தயக்கத்தை இன்னும் பெரிதாக்கும். ஆகவே தவணையைப் பற்றிய பேச்சை அவளிடம் எடுக்கும்போது, முடியாத நாளில் முடியாது என்று சொல்லிவிடு அம்மா, வீட்டில் யாரும் தவறாக நினைக்க மாட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அப்பாவின் வாயிலிருந்து வரும்போது அதற்கு வேறு பலம் இருக்கிறது.

கடைசியாக அந்த ஐந்து மணி அழைப்பு. அந்த நேரத்தில் அவள் பறந்துகொண்டிருப்பாள், அல்லது உறங்கிக்கொண்டிருப்பாள். இரவு இரண்டிலிருந்து ஆறு வரை உடல் மிகத் தளர்ந்திருக்கும் நேரமென்று கண்டு, விதிகளே அதைத் தனியாகக் குறித்து வைத்திருக்கின்றன. ஸ்டாண்ட்பை நாட்களில் கைபேசியை அவள் ஒலியின்றி வைக்கவும் முடியாது; நிறுவனத்தின் அழைப்போ என்று திடுக்கிட்டு எழுவாள். எனவே அழைக்காமல், வரப்பில் நின்றபடி வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுங்கள். அந்த நாட்களில் வாட்ஸ்அப்பின் ஒலியை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லிவிட்டால் போதும். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, எந்த வயலில் களை எடுக்கிறீர்கள், மாடு கன்று போட்டதா என்று எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். குவாஹாட்டியிலோ புனேயிலோ எழுந்ததும் முதல் வேலையாக அதைக் கேட்டுவிட்டு, பேசுவதற்கு நேரம் கிடைக்கும்போது அவளே உங்களை அழைப்பாள்.