ஏ எம்பிஏவா, ஆன் எம்பிஏவா?

ரெஸ்யூமே ரெடி பண்ணிட்டு இருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "'ஐ ஆம் ஏ எம்பிஏ கிராஜுவேட்'னு எழுதினேன், ஃப்ரெண்டு அதை 'ஆன்'னு மாத்திட்டான். எம் வவலே இல்லையே, எது சார் சரி?"

ஃப்ரெண்டு மாத்தினதுதான் சரி தம்பி. ஸ்கூல்ல ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தா ஆன் போடுன்னு மனப்பாடம் பண்ண வச்சிட்டாங்க, ஆனா அந்த ரூல் எழுத்துக்கு இல்ல, சத்தத்துக்கு. எம்முங்கிறது மெய்யெழுத்துதான், ஆனா அதோட பேரைச் சொல்லும்போது வாயில முதல்ல வர்றது 'எ'. தமிழ்ல ஓர் ஊர், ஒரு வீடுன்னு படிச்சோமே, கிட்டத்தட்ட அதேதான்.

இதுல நமக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. பேச்சுல எலியை 'யெலி'ன்னுதான் சொல்றோம், அதே பழக்கத்துல எம்பிஏவும் 'யெம்பிஏ' ஆயிடுது, அதனாலதான் 'ஏ யெம்பிஏ' காதுக்கு தப்பாவே தெரியல.

அதுக்கு நான் சொல்றது, டவுட் வந்தா அந்த வார்த்தையை உச்சரிப்புப்படி தமிழ்ல எழுதிப் பாருங்க, முதல்ல உயிரெழுத்து வந்தா ஆன், உயிர்மெய் வந்தா ஏ. அம்ப்ரெல்லாவுக்கு ஆன், யூனிவர்சிட்டிக்கு ஏ, ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் யூவுலதான் ஆரம்பிக்குது. எஸ்எம்எஸ்ஸை எழுத்து எழுத்தா சொல்றோம், அதனால ஆன் எஸ்எம்எஸ். சிம் கார்டை ஒரே வார்த்தையா சொல்றோம், அதனால ஏ சிம் கார்டு. ஹானஸ்ட்ல ஹெச் எழுத்துல மட்டும்தான், சொல்றது 'ஆனஸ்ட்', அங்க ஆன் தான்.

ரெண்டு இடத்துல இந்த வழி காலை வாரும், கவனமா இருங்க. ஒண்ணு, 'ஒன்'. நாம 'ஒ' போட்டு எழுதுறோம், இங்கிலீஷ்ல சத்தம் 'வன்', அதனால ஏ ஒன் ருப்பீ காயின். இன்னொண்ணு 'இயர்'. வருஷத்துக்கு முன்னாடி மெல்லிசா ஒரு 'ய்' சத்தம் இருக்கு, அதனால ஏ இயர்னா வருஷம், ஆன் இயர்னா காது! ரெஸ்யூமேல எக்ஸ்பீரியன்ஸ் எழுதுற இடத்துல இது ரொம்ப முக்கியம்.

உண்மையில பழைய வடிவம் ஆன் தான், ஒண்ணுங்கிற அர்த்தத்துல வந்தது, மெய் சத்தத்துக்கு முன்னாடி 'ன்' தேய்ஞ்சு ஏ ஆச்சு. கிரிக்கெட் அம்பயர் கூட ஒரு காலத்துல 'ந'வுல ஆரம்பிச்ச வார்த்தை, 'ஏ நம்பயர்' மாதிரி சொல்லிச் சொல்லி அந்த 'ந' முன்னாடி போய் ஒட்டிக்கிச்சு, 'ஆன் அம்பயர்' ஆயிடுச்சு. எனக்கு ரொம்ப பிடிச்ச கதை இது.

கவர் லெட்டர்ல ஹெச்ஆர்னு வந்தா? நாம 'ஹெச்'னு சொன்னாலும் ஸ்டாண்டர்ட் உச்சரிப்பு 'ஏய்ச்' தான், அதனால ஆன் ஹெச்ஆர் மேனேஜர்னே எழுதுங்க தம்பி.