2 இன்ச் உயர்த்திய ஜிம்னி: எந்தப் பாகம் வாங்குவது?

நண்பரே, உங்கள் மாருதி ஜிம்னி 4x4 வண்டியை 2 இன்ச் உயர்த்திய பிறகு நத்தம் மேம்பாலத்தில் 80-ஐத் தொட்டாலே ஸ்டீயரிங் மிதக்கிறது, திருப்பினால் தானாக நேருக்கு வருவதில்லை என்கிறீர்கள். ஸ்டீயரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவரும் காஸ்டர் (பக்கத்திலிருந்து பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்திருக்கிறது. வண்டி உயர்ந்ததும் முன் ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் கீழே சாய்ந்து, ஆக்சிலையே முன்பக்கம் சுழற்றிவிடும். அலைன்மென்ட் கடையில் டோ (மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும். காஸ்டருக்கு இந்த வண்டியில் அட்ஜஸ்ட்மென்டே கிடையாது.

புது ஆர்முக்குச் செலவழிக்க வேண்டாம். இந்த உயரத்துக்கு, துளை மையம் விலகிய காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் (ஆர்ம் முனையில் பொருத்தும் உருளை வடிவ உறை) போதும். கடையில் புஷ்ஷைப் பிரஸ் மெஷினில் அழுத்தி ஏற்றும்போது கட்டாயம் கூடவே நில்லுங்கள். துளையின் திசை மாறினால் காஸ்டர் இன்னும் குறையும்.

அப்புறம், ஆக்சில் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். அதற்கு, ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பனார்ட் ராடை நீளம் மாற்றக்கூடியதாக வாங்குங்கள். டோவைக் கடைசியில் பாருங்கள்.