உளவளக் கேள்வி – பதில்: “ஒருத்தருக்கும் சொல்லிராத” என்று தோழி கேட்டால்?

பரீட்சைக் காலம் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். இம்முறை வந்தவற்றில் ஐந்துக்கு எங்கள் உளவளத்துணைக் குழு பதில் தருகிறது. எழுதியவர்களை இனங்காட்டும் விபரங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: வந்தாறுமூலையில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். என் அறைத்தோழி ரிசல்ட் வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, விரிவுரைக்கும் வருவதில்லை. போன கிழமை தன் கைக்கடிகாரத்தையும் ஒரு சாரியையும் எனக்குத் தந்தாள். “இனி நான் ஒருத்தருக்கும் பாரமா இருக்க மாட்டன். இத ஒருத்தருக்கும் சொல்லிராத” என்றாள். நானும் சத்தியம் செய்துவிட்டேன். இரண்டு நாளாக அமைதியாகச் சிரித்துக்கொண்டு இருக்கிறாள். சரியாகிவிட்டாளா?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நாள் தவித்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாவது, ஒரு முடிவை எடுத்துவிட்ட நிம்மதியாகவும் இருக்கலாம். பொருட்களைக் கொடுத்ததையும் “பாரமா இருக்க மாட்டன்” என்றதையும் சேர்த்துப் பார்த்தால் இன்றைக்கே செயற்பட வேண்டிய நிலை இது. சத்தியத்தை உடையுங்கள். கோபிப்பாள், சில மாதம் பேசாமலும் விடுவாள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் நேரடியாகக் கேளுங்கள். “ஏன் சோகமா இருக்க?” என்று சுற்றி வளைத்தால் “ஒண்டுமில்ல” என்றுதான் பதில் வரும். கதவைச் சாத்தி, போனை ஒதுக்கி வைத்துவிட்டு, “நீ செத்துப்போகணும் எண்டு நினைக்கிறயா? நேராக் கேக்கிறன், நேராச் சொல்லு” என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்களில் பலருக்கு அந்தக் கேள்வியே முதல் ஆறுதலாக இருந்திருக்கிறது.

ஆம் என்றால் இன்னும் நான்கு விடயங்கள் தெரிய வேண்டும்: எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது என்று வைத்திருக்கிறாளா, அதற்கான பொருள் கைவசம் இருக்கிறதா, முன்பு எப்போதாவது முயன்றிருக்கிறாளா. வழியும் நாளும் பொருளும் கூடி வந்தால் அன்றிரவே வைத்தியசாலை. எண்ணம் மட்டும்தான், திட்டம் இல்லை என்றால் அடுத்த நாள் காலையில் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் அல்லது உளவளத்துணையாளர். அதுவரை தனியே விட வேண்டாம். குளியலறைக்குப் போனாலும் கதவைப் பூட்டாமல் போகச் சொல்லுங்கள்.

இதை ஒருத்தியாகச் சுமக்கவும் கூடாது. ஒருவர் அவளோடு இருக்க, மற்றவர் விடுதிப் பொறுப்பாளரிடம் போக வேண்டும். அங்கே “அவளுக்கு மனசு சரியில்ல மிஸ்” என்று சொன்னால் “காலையில பாப்பம்” என்று முடிந்துவிடும். “உயிருக்கு ஆபத்து இருக்கு, இண்டைக்கே வாகனம் வேணும்” என்று சொல்லுங்கள். வாகனம் தாமதமானால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். விடுதியின் பெயரையும் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்பதையும் சொல்லி, ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. இரவில் அவசர சிகிச்சைப் பிரிவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அடையாள அட்டை, அவள் பாவிக்கும் மருந்துகளின் பக்கட், நடந்ததைச் சொல்லத் தெரிந்த ஒருவர், இந்த மூன்றும் கூடப் போகட்டும். இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு: உடம்புக்கு வைத்தியம் பார்த்து, “இப்ப ஓகே” என்று அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டாரும் ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவசரப்படுத்துவார்கள். துண்டு வெட்டும் முன் உளநல டொக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வார்ட்டில் கேளுங்கள். அடுத்த கிளினிக் திகதி கையில் இல்லாமல் வெளியே வர வேண்டாம்.

ஏற்கெனவே எதையாவது உட்கொண்டுவிட்டாள் என்று தெரிந்தால் கதைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. உப்புத் தண்ணீர், சவர்க்காரத் தண்ணீர், தேங்காய்ப்பால் எதையும் பருக்க வேண்டாம். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வெறும் பக்கட்டையோ போத்தலையோ எடுத்துக்கொண்டு ஓடுங்கள். நன்றாக எழும்பி நடக்கிறாளே என்று ஏமாறவும் கூடாது. வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் சில மாத்திரைகள் முதல் நாள் ஒன்றும் காட்டாது, ஈரல் கெடுவது பிறகுதான் தெரியவரும். அதற்கான முறிமருந்து முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் போனால்தான் முழுப் பலன். பொலிசுக்குப் பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றமல்ல. வாக்குமூலம் கேட்கக்கூடும், அதற்காக வழக்கு வராது.

அலை தணிந்த பிறகு அவளோடு உட்கார்ந்து ஒரு தாளில் ஆறு விடயங்களை அவள் கையாலேயே எழுத வையுங்கள். கெட்ட நேரம் வருவதற்கான அடையாளம் என்ன (தூக்கம் அறுவது, வீட்டுக்கு போன் எடுக்காமல் விடுவது போல). தனியே என்ன செய்தால் கொஞ்சம் இறங்கும். எந்த இடத்துக்கு, யாரிடம் போனால் யோசனை திரும்பும். யாரிடம் வாய்விட்டுக் கேட்கலாம். எந்த டொக்டர், எந்த இலக்கம். அறையிலிருந்து எதை அகற்ற வேண்டும். “நல்லா யோசிக்கணும்” என்று எழுதினால் அது உதவாது. “இரவு பதினொன்றுக்குப் பிறகு தனியா இருக்கமாட்டன், பக்கத்து அறைக்குப் போவன்” என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்களும் தூங்குங்கள். மூன்று பேர் மாறி மாறி இருந்தால் தாங்கும். ஒருத்தி இரவிரவாகக் காவல் இருந்தால் நான்காம் நாள் அவளும் நோயாளிதான்.

கேள்வி: ஒலுவிலில் படிக்கிறேன். மாணவர் ஆலோசகராக இருப்பவர் எனக்குப் பாடம் எடுக்கும் சேர். அவரிடம் போய் என் பிரச்சினையைச் சொன்னால் மார்க்ஸில் கை வைப்பாரா, ஃபைலில் ஏறுமா, வாப்பாவுக்குப் போன் போகுமா?

பதில்: மூன்று வேறு ஆட்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இங்கே பாதிப் பிரச்சினை. மாணவர் ஆலோசகர் என்பவர் விரிவுரையாளர்களில் இருந்து நியமிக்கப்படுபவர். மகாபொல உதவித்தொகை தடைப்பட்டது, விடுதி கிடைக்கவில்லை, பகிடிவதை, வகுப்பு வரவு போன்றவற்றுக்கு அவரிடம் போவதுதான் சரி. கையொப்பத்துக்குப் பலம் இருக்கிறது. (பகிடிவதைக்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமே உண்டு, எழுத்தில் கொடுங்கள்.) மனதுக்குள் நடப்பதைப் பேசுவதற்குப் பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் வேறு. மருந்து எழுதக்கூடிய உளமருத்துவர் இன்னும் வேறு. பாடம் எடுப்பவரிடம் உள்ளத்தைத் திறக்க உங்களுக்குக் கூச்சம் வருவது நியாயமே. “எனக்கு உளவளத்துணையாளரிடம் நேரம் எடுத்துத் தாங்க சேர்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம், காரணம் சொல்லக் கடமை இல்லை.

கம்பஸுக்குள் யாராவது கண்டுவிடுவார்கள் என்று தோன்றினால், பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சொந்த ஊர் செயலகத்தில் அறிமுகமானவர் இருப்பார் என்றால் பக்கத்து ஊருக்குப் போங்கள். அரச வைத்தியசாலைகளின் உளநல கிளினிக்குக்கும் காசு இல்லை.

இரகசியம் பற்றி: சொன்னதை வெளியே விடாமல் இருப்பது அவரது தொழில்நெறி. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை ஆகியவை விதிவிலக்கு. இருபது வயது தாண்டிய உங்களைப் பற்றி வாப்பாவுக்கு அறிவிப்பதென்றால் உங்கள் சம்மதம் வேண்டும். முதல் சந்திப்பிலேயே “என்னென்ன எழுதுவீங்க, யார் பார்ப்பாங்க?” என்று கேளுங்கள். நல்லவர் முகம் சுளிக்காமல் விளக்குவார்.

ஒரு சந்திப்பு பொதுவாக 45 முதல் 50 நிமிடம். ஒரே தடவையில் பாரம் இறங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள்தான் இரண்டாவது தடவை போவதில்லை. ஆறு, எட்டு தடவை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் உங்களைப் பேசவிடாமல் புத்திமதியே சொல்லிக்கொண்டிருந்தால், “தொழுதா சரியாகும், படிச்சா சரியாகும்” என்று முடித்துவிட்டால், ஆளை மாற்றுங்கள். அது உளவளத்துணையே அல்ல.

கேள்வி: கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய். கம்பஸில் படிக்கும் மகனுக்கு மனச்சோர்வு என்று கிளினிக்கில் மாத்திரை கொடுத்து இரண்டு கிழமை. ஒரு மாற்றமும் இல்லை, ஓங்காளிக்கிறான். பழகிவிட்டால் காலம் முழுக்க விட முடியாது என்று அயலில் சொல்கிறார்கள். நிறுத்தவா?

பதில்: நிறுத்த வேண்டாம் அம்மா. மட்டையில் எழுதியிருக்கும் பெயரை வாசியுங்கள். புளுஒக்செற்றின், சேர்ட்ராலின் போன்றது என்றால் அது போதை தரும் மருந்தல்ல. ஓங்காளம், தலையிடி, தூக்கக் குறைவு முதலில் வந்து பெரும்பாலும் ஓரிரு கிழமையில் போய்விடும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். பலன் பிந்தித்தான் வரும்: இரண்டு முதல் நான்கு கிழமையில் தொடங்கி, ஆறு எட்டுக் கிழமையில் நிறையும். பக்க விளைவு முதலிலும் பலன் பிறகும் வருவதால்தான் அநேகர் சரியாக இந்த இடத்தில் கைவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், பிறகு டொக்டர் படிப்படியாகக் குறைப்பார். சடுதியாக விட்டால் தலைச்சுற்று, எரிச்சல், தூக்கமின்மை வரும். அதைத்தான் அயலவர்கள் “பழகிப் போச்சு” என்கிறார்கள். பழகக்கூடியவை டயசிபாம் போன்ற நித்திரை மாத்திரைகள். டொக்டர் எழுதிய நாட்களுக்கு மேல் பாமசியில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் சிலருக்கு முதல் கிழமைகளில் பதற்றமும் சாக வேண்டும் என்ற எண்ணமும் கூடலாம். ஓரிடத்தில் இருக்க முடியாமல் தவித்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காமல் கூட்டிப் போங்கள். மாத்திரைகளை உங்கள் கையில் வைத்து அன்றன்றைக்குக் கொடுங்கள்.

இன்னொன்று, வயல் வீடு என்றால் கட்டாயம். கிருமிநாசினிப் போத்தல் கட்டிலுக்குக் கீழே, குசினி மூலையில் இருக்கக்கூடாது. மகன் தேறும்வரை வீட்டில் வைக்கவே வேண்டாம், வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கக் கொடுங்கள். இந்த நாட்டில் தற்கொலை வீதம் 1995 அளவில் இலட்சத்துக்கு 47 என்று உச்சத்தில் நின்றது. மிகக் கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்ட பின் அது பாதிக்கும் கீழே வந்தது. சனங்களின் கவலை அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருள்தான் குறைந்தது. அந்த உந்துதல் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், அந்த நேரத்தைக் கடத்தக் கொடுப்பதுதான் பூட்டின் வேலை.

கேள்வி: சம்மாந்துறை மாணவன். பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடத்து, கை விறைத்து, செத்துவிடுவேன் போல் வந்தது. எழுதாமல் எழும்பி வந்துவிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்ததில் ஒன்றுமில்லை என்றார்கள்.

பதில்: இதயம் சரி என்று பார்த்தாயிற்று என்றால் இது பெரும்பாலும் பீதித் தாக்கம். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், ஆளைக் கொல்லாது. வேகமாக மூச்செடுப்பதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துதான் கை விறைக்கிறது. ஆகவே “நல்லா இழுத்து மூச்செடு” என்ற அறிவுரை நிலைமையை மோசமாக்கும். வெளியே விடுவதில் கவனம் வையுங்கள்: நான்கு எண்ணி மூக்கால் எடுத்து, ஆறு எண்ணி வாயால் மெதுவாக விட்டு, ஐந்து நிமிடம். பையை வாயில் பிடித்து மூச்செடுப்பது பழைய முறை, இப்போது பரிந்துரைப்பதில்லை. மண்டபத்தில் இதை முதன்முறை செய்தால் வேலை செய்யாது. தினமும் இரண்டு வேளை, நன்றாக இருக்கும்போதே பழகுங்கள். பிளேன்ரீ, கோப்பி, எனர்ஜி ட்ரிங் மூன்றையும் பரீட்சைக் காலத்தில் குறையுங்கள். எழும்பி ஓடினால் அடுத்த முறை பயம் கூடும். முடிந்தவரை கதிரையிலேயே இருந்து அலையைப் போகவிடுங்கள்.

தவறிய பாடத்துக்கு மருத்துவச் சான்றிதழ் அன்றைய திகதியில் இருக்க வேண்டும். பரீட்சை முடிந்து கிழமைகள் கழித்து வாங்கிய சான்றிதழ் நிராகரிக்கப்படுவது சகஜம். பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியிடம் காட்டி, பீட அலுவலகத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். எத்தனை நாளுக்குள் என்பது உங்கள் பீடத்தின் பரீட்சை விதியில் இருக்கிறது.

கேள்வி: ஏறாவூரிலிருந்து ஒரு தகப்பன். மகன் கம்பஸை விட்டு வந்து மூன்று கிழமை. இரவில் தூங்குவதில்லை, ஆரோ தன்னைப் பற்றிக் கதைப்பது கேட்கிறது என்கிறான், சாப்பாட்டில் மருந்து போட்டிருக்கு என்று எங்களையே சந்தேகப்படுகிறான். செய்வினை என்று ஓதிப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பதில்: ஓதுங்கள், அதில் கெடுதல் இல்லை. ஆனால் ஓதி முடியட்டும் என்று டொக்டரைப் பிந்தப் போடாதீர்கள். இந்த வயதில் முதன்முறை இப்படி வருவதைச் சிகிச்சையில்லாமல் விடும் ஒவ்வொரு மாதமும் குணமாவது கடினமாகிறது. அடி, பட்டினி, கட்டிவைத்தல் எதையும் யார் சொன்னாலும் அனுமதிக்க வேண்டாம். ஓதுபவர் டொக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்துக்கு மீண்டும் போகாதீர்கள். கஞ்சா, ஐஸ் பாவித்தானா என்று நண்பர்களிடம் விசாரித்து டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சிகிச்சை அதைப் பொறுத்து மாறும்.

கூட்டிப் போவதுதான் கஷ்டம். “உனக்குப் பைத்தியம்” என்றோ “அப்பிடி ஒண்டும் கேக்கல்ல” என்றோ வாதாட வேண்டாம், உங்களையும் எதிரியாகச் சேர்த்துவிடுவான். “நீ நித்திரையில்லாமக் கஷ்டப்படுறாய், நித்திரைக்கு ஒருக்கா டொக்டரக் காட்டுவம்” என்று அவனே ஒப்புக்கொள்ளும் ஒன்றைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். அந்தச் சத்தம் தன்னையோ பிறரையோ தாக்கச் சொல்கிறது என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவு.

நடுச்சாமத்தில் யாருக்கு எடுப்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 1926 தேசிய உளநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் இயங்குகிறது, அழைப்புக்குக் காசு போகாது. சிங்களத்தில் எடுத்தால் வைத்துவிடாமல் “தமிழ்” என்று மட்டும் சொல்லிக் காத்திருங்கள். 1333 என்ற இலவச இலக்கத்திலும் உளவளத்துணை கிடைக்கும். முதல் தடவை லைன் கிடைக்காவிட்டால் மற்றதற்கு எடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் 1990.