ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம்: ‘லிவர் டயட்’ கேள்வி பதில்

உடல் எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. டயட்டீஷியன், டாக்டர் இல்லை, அதனால் ‘டாக்டர்’ என்று கூப்பிட வேண்டாம். கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். உங்கள் மருத்துவமனையில் கொடுத்த தாளில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அந்தத் தாள்தான் கணக்கு, நான் சொல்வது இல்லை.

கேள்வி: எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன். வயிற்றைத்தான் வெட்டிச் சின்னதாக்கப் போகிறார்களே, அதற்கு முன்னாலேயே இரண்டு வாரம் எதற்குப் பட்டினி போடுகிறார்கள் மேடம்?

வயிற்றுக்காக இல்லை, கல்லீரலுக்காக. கல்லீரலின் இடது பக்க மடல் இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டுதான் இருக்கும். லேப்ராஸ்கோப்பியில் சின்னச் சின்ன ஓட்டை வழியாகக் கருவியை விட்டு, அந்த ஈரலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் சர்ஜன் அடியில் வேலை செய்ய வேண்டும். எடை அதிகம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொழுப்பு ஈரல் இருக்கும், அது கனமாக, பாலில் ஊறிய ரொட்டி மாதிரி இருக்கும், தூக்கினால் கிழியும், ரத்தம் கசியும். இடமே கிடைக்காத அளவுக்குப் பெரிதாக இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும் உண்டு, வயிற்றைத் திறந்து செய்வதும் உண்டு.

சரி, இரண்டு வாரத்தில் எப்படிச் சுருங்கும்? ஈரலில் சுமார் 100 கிராம் கிளைக்கோஜன், அதாவது சேமித்து வைத்த மாவுச்சத்து இருக்கும். ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அரிசி, கோதுமை, சர்க்கரையை நிறுத்தினால் முதல் ஓரிரு நாளில் அந்தச் சேமிப்பும் தண்ணீரும் கரையும், அதற்கப்புறம் ஈரலுக்குள் இருக்கும் கொழுப்பும் குறைய ஆரம்பிக்கும். சுருங்குவதில் பெரும்பகுதி இந்த முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிடுகிறது. அதனால் இதை எடை குறைக்கும் டயட்டாகப் பார்க்காதீர்கள், சர்ஜனுக்கு உள்ளே கை வைக்க இடம் பண்ணிக்கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: நான் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஒரு நாள் முழுக்க என்னதான் சாப்பிடுவது?

பொதுவாகச் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, புரதம் 60 முதல் 80 கிராம். சைவத்தில் இது முடியாது என்று நினைக்கிறார்கள், முடியும். காலையில் சர்க்கரை போடாத காபி, அப்புறம் கொழுப்பு நீக்கிய பால் 200 மில்லியில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர். மதியம் மீல்மேக்கர் 30 கிராம், உலர்ந்த நிலையில் நிறுத்தது. ஊறவைத்துப் பிழிந்தால் அதுவே ஒரு கிண்ணம் ஆகிவிடும், 15 கிராம் புரதம் அதிலேயே வந்துவிடும். மிளகு சீரகம் போட்டு வதக்கி, பக்கத்தில் தேங்காய் போடாத கீரையோ புடலங்காய்ப் பொரியலோ தட்டு நிறைய வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் இன்னொரு 200 மில்லி பால், இடையில் நீர்மோர். ராத்திரி கொழுப்பு குறைந்த பனீர் 50 கிராம், கூடவே பீர்க்கங்காயோ முட்டைக்கோஸோ, ஒரு கப் தெளிவான ரசம். நாள் முழுவதற்கும் எண்ணெய் மூன்று டீஸ்பூன். கூட்டிப் பார்த்தால் புரதம் 60ஐத் தாண்டும், கலோரி 800 பக்கத்தில் நிற்கும்.

உருளை, சேனை, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் காய்க் கணக்கில் வராது, அவை சோற்றுக் கணக்கு. அசைவக்காரர்களுக்குச் சுலபம்: முட்டை வெள்ளைக்கரு, தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, மீன். ஆனால் மீனை வறுக்காமல், குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றாமல்.

கேள்வி: ராகிக் கஞ்சி, தினை உப்புமா? சிறுதானியம் உடம்புக்கு நல்லதுதானே அக்கா?

நல்லதுதான். இந்த இரண்டு வாரம் வேண்டாம். ராகியும் மாவுச்சத்துதான், ஈரலுக்கு அது சோறா, கஞ்சியா என்று தெரியாது. சில மருத்துவமனைத் தாளில் வேளைக்கு ஒரு சின்ன சப்பாத்தி, அல்லது ஒரு இட்லி என்று கொடுத்திருப்பார்கள், அப்படி இருந்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது அவர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்தது. நாமாகச் சேர்த்துக்கொள்வதுதான் தப்பு.

கேள்வி: எனக்குச் சர்க்கரை 12 வருஷமாக. காலையும் ராத்திரியும் இன்சுலின், கிளிமிபிரைடு, டபாக்ளிஃப்ளோசின் மாத்திரை. டயட்டை நாளைக்கு ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்காதீர்கள். முதலில் உங்கள் சர்க்கரை டாக்டரிடம் போங்கள், இன்றைக்கே முடிந்தால் இன்றைக்கே. சாப்பாட்டில் மாவுச்சத்தைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டு, இன்சுலினையும் கிளிமிபிரைடையும் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை தடாலென்று கீழே இறங்கும். தூக்கத்தில் இறங்கினால் இன்னும் ஆபத்து. டயட் தொடங்கும் நாளிலிருந்தே அளவைக் குறைத்து எழுதித் தருவார்கள், வீட்டில் ஒரு நாளைக்குப் பலமுறை குத்திப் பார்க்கச் சொல்வார்கள். 70க்குக் கீழே போனாலோ, கை நடுங்கி வேர்த்தாலோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். அப்போது ‘ஐயோ, டயட் கெட்டுப்போகுமே’ என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

டபாக்ளிஃப்ளோசினைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஃப்ளோசின்’ என்று முடியும் இந்த வகை மாத்திரையை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம், எர்டுக்ளிஃப்ளோசினுக்கு நான்கு நாள். காரணம், மாவுச்சத்து குறைந்த சாப்பாட்டோடு இது சேரும்போது ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம், அதுவும் மீட்டரில் சர்க்கரை ஏறக்குறைய நார்மலாகக் காட்டும்போதே. அதனால் டயட் தொடங்கும்போதே இதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள். குமட்டல், வயிற்று வலி, மூச்சு வேகமாக வாங்குவது, இவை வந்தால் காஸுவாலிட்டிக்குப் போங்கள், மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசி, செமாக்ளூடைடு மாதிரி, எடுத்துக்கொள்கிறவர்களும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த ஊசியால் வயிறு காலியாவது மெதுவாகும்.

கேள்வி: மூன்றாவது நாள். தலை வெடிக்கிறது, எல்லார் மேலும் எரிந்து விழுகிறேன், வாய் ஒரு மாதிரி நாற்றம் அடிக்கிறது என்று என் பையனே சொல்கிறான்.

வழக்கமாக வருவதுதான். உடம்பு மாவுச்சத்தை விட்டுக் கொழுப்பை எரிக்கத் தொடங்கியிருக்கிறது, அந்த வாடை அதனால்தான், பல் தேய்த்தாலும் முழுக்கப் போகாது. நாலைந்து நாளில் தலைவலி அடங்கும். தண்ணீர் இரண்டு, இரண்டரை லிட்டர் போகட்டும், உப்புப் போட்ட தெளிவான சூப்போ ரசமோ இரண்டு வேளை குடியுங்கள். இதயம், சிறுநீரகம், பிரஷர் காரணமாக உப்பும் தண்ணீரும் அளவாக எடுக்கச் சொன்னவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. காபியைத் திடீரென்று நிறுத்திவிட்டீர்களா? அதனாலும் தலைவலி வரும், சர்க்கரை இல்லாமல் குடித்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், பிரஷர் மாத்திரையில் நீர் பிரியும் மருந்து இருக்கிறதா என்று பார்த்து டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கள்.

கேள்வி: மலச்சிக்கல்.

கீரை, வெண்டைக்காய், தண்ணீர். போதவில்லை என்றால் இசப்கோல் உமி ராத்திரி ஒரு ஸ்பூன், சர்க்கரை சேர்க்காத வகை, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு.

கேள்வி: நாத்தனார் மகள் கல்யாணம். ‘இன்று ஒருநாள் தானே’ என்று பிரியாணி, ஐஸ்கிரீம், பீடா வரைக்கும் போய்விட்டது. ஆபரேஷனுக்கு ஆறு நாள் இருக்கிறது. கேன்சல் பண்ணிவிடுவார்களா?

ஒரு வேளை பிரியாணிக்காக யாரும் கேன்சல் பண்ண மாட்டார்கள். காலியான கிளைக்கோஜன் திரும்ப நிரம்பியிருக்கும், நாளையிலிருந்து ஒழுங்காக இருந்தால் மறுபடி கரையும். பரிகாரமாக நாளைக்கு முழுப் பட்டினி கிடக்காதீர்கள், அதே அளவுச் சாப்பாடு, அதே புரதம். டீமிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கடைசி மூன்று நாளில் மட்டும் இது நடக்கவே கூடாது.

கல்யாணத்தைவிட எனக்குப் பயம், டயட் ஆரம்பிக்கும் முந்தைய வாரம்தான். ‘இனிமேல் வாழ்க்கையில் கிடைக்காது’ என்று ஹோட்டல் ஹோட்டலாகப் போய், இரண்டு கிலோ ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. வீட்டு மனிதர்களுக்கும் ஒன்று: பக்கத்து அறையில் ஒருத்தர் மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது அடுப்படியில் வெங்காய பஜ்ஜி போடாதீர்கள். இரண்டு வாரம்தான், பொறுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரே வாரத்தில் நாலரை கிலோ குறைந்துவிட்டது! இதையே மூன்று மாதம் தொடர்ந்தால் ஆபரேஷனே வேண்டாம்தானே?

அதில் பாதிக்கு மேல் தண்ணீராகத்தான் இருக்கும் தம்பி, சோறு சாப்பிட்ட மறுநாளே கொஞ்சம் திரும்பி வரும். இவ்வளவு குறைந்த கலோரியை மேற்பார்வை இல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் உண்டாகலாம், யூரிக் ஆசிட் உள்ளவர்களுக்குக் கால் கட்டைவிரல் வீங்கும். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டரோடு உட்கார்ந்து பேசுங்கள், எடை மெஷினைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டில் குழந்தைக்கு வாங்கிய ஹெல்த் டிரிங்க் இருக்கிறது, அதைக் கலக்கலாமா?

வேண்டவே வேண்டாம். டப்பாவின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், மால்ட், சர்க்கரை என்றுதான் முதலில் இருக்கும். வாங்குவதாக இருந்தால் ஒரு ஸ்கூப்பில் புரதம் 20 கிராமுக்கு மேல், மாவுச்சத்து 5 கிராமுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பிராண்ட் உங்கள் இஷ்டம். பணம் இடித்தால் மீல்மேக்கர், வெள்ளைக்கரு, கொழுப்பு நீக்கிய பால், இதை வைத்தே ஓட்டலாம்.

கேள்வி: கிரியேட்டினின் கூடுதலாக இருக்கிறது.

அப்படியானால் மேலே சொன்ன புரத அளவு உங்களுக்கு இல்லை. சிறுநீரக டாக்டர் சொல்லும் அளவு மட்டும்.

கேள்வி: என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கப் போகிறார்கள். எடை 42 கிலோ, ஹீமோகுளோபின் 8. ஆபரேஷனுக்கு முன் வயிற்றைக் காயப்போடுவது நல்லது என்று உறவினர்கள் சொல்கிறார்கள், இந்த டயட் கொடுக்கலாமா?

தயவுசெய்து கொடுக்காதீர்கள். இது எடை அதிகம் உள்ளவர்களுக்கு, ஈரலைச் சுருக்க மட்டும். அம்மாவுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும்: வயிறாரச் சோறு, பருப்பு, முட்டை, மீன், சுண்டல், டாக்டர் எழுதிய இரும்புச்சத்து மாத்திரை. அந்த மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாறோடு கொடுத்தால் நன்றாக உடம்பில் சேரும். 8 என்பது குறைவு, சாப்பாட்டை மட்டும் நம்பி அதைச் சீக்கிரம் ஏற்ற முடியாது, இரும்பு ஊசி தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவர்களும் கேட்டிருந்தீர்கள், உங்களுக்குப் பொதுவாக எண்ணெயும் கொழுப்பும் குறைத்தால் போதும், பட்டினி தேவையில்லை.

கேள்வி: நாளை மறுநாள் காலை 8 மணிக்கு ஆபரேஷன். முந்தைய ராத்திரி எத்தனை மணி வரை சாப்பிடலாம்? விடியற்காலை ஒரு வாய் பால் காபி?

பால் காபி கிடையாது. பால் வயிற்றுக்குள் போனதும் திரிந்து கெட்டியாகும், அதனால் அதைச் சாப்பாடாகத்தான் கணக்கிடுவார்கள். பொது விதி: லேசான சாப்பாட்டுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், எண்ணெய்ப் பண்டம், கறி என்றால் 8 மணி நேரம், வெறும் தண்ணீர் மாதிரித் தெளிவானவை 2 மணி நேரம் முன்பு வரை. ஆனால் உங்கள் மயக்க மருந்து டாக்டர் ராத்திரி 10 மணிக்கு மேல் எதுவும் வேண்டாம் என்றால் அதுதான் சட்டம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் வாரம் ஒருமுறை எடைக் குறைப்பு ஊசி போடுகிறவர்களுக்கும் நேரம் மாறலாம். காலையில் போட வேண்டிய பிரஷர், தைராய்டு மாத்திரையில் எதைப் போடுவது, எதை விடுவது என்று முந்தின நாளே பெயர் பெயராகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போடச் சொன்னதை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம்.