வீட்டிலேயே செய்யும் வொர்க்பெஞ்சுக்கு எவ்வளவு உயரம் வைத்தால் முதுகு வலிக்காது?

பரவலாகச் சொல்லப்படும் 34 முதல் 36 அங்குலம் தப்பான அளவு இல்லை. சராசரி உயரம் உள்ளவர் எல்லா வேலையிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய அது போதும். ஆனால் உங்களுக்காக நீங்களே செய்கிறீர்கள், அப்புறம் எதற்குப் பொதுவான அளவு? அந்த மேசையில் அதிகமாக என்ன வேலை நடக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இழைப்புளியால் பலகை இழைப்பதுதான் முக்கிய வேலை என்றால் மேசை தாழ்வாக இருக்க வேண்டும். இழைக்கும்போது தள்ளுவது கை மட்டுமல்ல, காலும் இடுப்பும் சேர்ந்துதான். மேசை உயர்ந்துவிட்டால் உடம்பின் எடை கருவிமேல் இறங்காது, மொத்த பாரமும் தோள்பட்டைக்குப் போய்விடும். இதற்குத் தச்சர்கள் பார்க்கும் கணக்கு எளிது. வேலை செய்யும்போது போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். மேசை அந்த உயரமோ, அதைவிட ஓரிரு அங்குலம் குறைவாகவோ இருக்கலாம். மரத்தாலான இழைப்புளி என்றால் கட்டையின் பருமனே கையைத் தூக்கிவிடும், அதனால் இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம். நான் ஐந்தடி ஏழு அங்குலம், என் மேசை 33 அங்குலம்.

கோடு போடுவது, இணைப்பு வெட்டுவது, செதுக்குவது, சால்டரிங் எல்லாம் நேர் எதிர். அங்கே பலம் தேவையில்லை, கண் பக்கத்தில் இருக்க வேண்டும். மேசை தாழ்ந்தால் குனிந்துகொண்டே இருப்பீர்கள். முதுகு வலி பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. இந்த வேலைகளுக்கு முழங்கை உயரத்தை ஒட்டி இருப்பது நல்லது.

இரண்டும் செய்வேன் என்றால்? தாழ்வான மேசையையே செய்யுங்கள். ஆறேழு அங்குல உயரத்தில் உறுதியான ஒரு சின்ன மேடையைத் தனியாகச் செய்து, நுணுக்க வேலை வரும்போது மேலே வைத்து கிளாம்ப் போட்டுக்கொள்ளலாம். உயரமான மேசையை வேலைக்கு வேலை தாழ்த்த முடியாது.

இரும்பு வேலைக்கு வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பொருத்துபவர்கள் பலர் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. அரம் போட வைஸின் தாடை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். அதனால் வைஸின் உயரத்தைக் கழித்துவிட்டுத்தான் மேசைக்கு அளவு எடுக்க வேண்டும். டேபிள் சா எனும் மரம் அறுக்கும் மெஷினிலிருந்து வரும் பலகையைத் தாங்கவும் இதே மேசைதான் என்றால் உடம்புக் கணக்கு செல்லாது. மெஷின் மட்டத்துக்குச் சமமாகவோ ஒரு நூல் கீழாகவோ வையுங்கள். மேலே போனால் பலகை இடித்து நிற்கும்.

மரத்தை வெட்டுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் கனமான மேசையில் கட்டைகளை அடுக்கி, நினைத்த உயரத்துக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் நிஜமாகவே வேலை செய்து பாருங்கள். சும்மா நின்று கையை வைத்துப் பார்த்தால் எல்லா உயரமும் சரியாகத்தான் தோன்றும். அப்போதும் சந்தேகம் இருந்தால் மேசையின் காலை இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு, பழகிய பிறகு அறுத்துக்கொள்ளலாம். அதற்காகக் கீழ்க் குறுக்குச் சட்டத்தைத் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளியே பொருத்துங்கள். நிற்கும் இடத்தில் ரப்பர் மேட் விரிப்பதாக இருந்தால் அறுப்பதற்கு முன்பே அதன்மேல் நின்று அளவெடுங்கள்.