சீசன் நடுவில் டீம் மாற்றலாமா?

கேள்வி: என் மகளுக்கு வயது 13. பொள்ளாச்சியில் ஒரு கிளப்பில் பாஸ்கெட்பால் ஆடுகிறாள், பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர்). இந்த சீசனில் மேட்ச்சுக்கு நாலைந்து நிமிடம்தான் இறக்கிவிடுகிறார்கள். கோயம்புத்தூர் கிளப் ஒன்றில் கூப்பிடுகிறார்கள். "இங்க பெஞ்சுல உக்கார்றதுக்கு அங்கயே போயிர்லாம்மா" என்கிறாள். பாதியில் மாற்றலாமுங்களா?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: முதலில் மகளைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். அடி, கேவலமான பேச்சு, தகாத தொடுதல், காயத்தோடு ஆடச் சொல்வது, இவற்றில் ஏதாவது இருந்தால் சீசனாவது ஒன்றாவது, இன்றே நிறுத்திவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

ஆட வாய்ப்பு மட்டும்தான் குறை என்றால், சீசன் முடியட்டும் என்போம். காரணம் பதிவு. பல தொடர்களில் ஆட்டக்காரர் பட்டியலை ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுவார்கள். ஒரு கிளப்பில் பெயர் ஏறிவிட்டால், அதே தொடரில் வேறு கிளப்புக்கு ஆட விடாமல் போகலாம். அப்படியானால் கோயம்புத்தூரில் பயிற்சி மட்டும் கிடைக்கும், மேட்ச் கிடைக்காது. இப்போதைய நாலு நிமிடமும் போய்விடும். தொடர் நடத்துபவர்களிடம் விதியையும், பழைய கிளப்பின் தடையின்மைச் சான்று (என்ஓசி) தேவையா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அழைக்கும் கிளப்பின் வாய்வார்த்தை போதாது.

அடுத்த மூன்று மேட்ச்சுக்கு நிமிடக் கணக்கு எழுதுங்கள். பத்து நிமிடம் வீதம் நாலு குவார்ட்டர் என்றால் 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர், ஆக 200. டீமில் உள்ள பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பதினாறு, பதினேழு வரும். பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் ஒதுக்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நாலு என்பது நிச்சயம் குறைவு. அந்தத் தாளோடு, மேட்ச் முடிந்த சூட்டில் இல்லாமல், பயிற்சி நாளில் கோச்சிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள். "ஏன் இறக்கவில்லை" என்று ஆரம்பித்தால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "இன்னும் நிறைய நேரம் ஆட அவள் எந்த இரண்டு விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும்?" என்று மகளே கேட்டால் இன்னும் நல்லது. இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போவது (டிரிபிள்), எதிரணி நெருக்கிப் பிடித்தால் (பிரஸ்) பந்தை இழப்பது என்று குறிப்பாகப் பதில் வந்தால் ஒரு மாதம் பொறுங்கள். "பார்க்கலாம்" என்று மழுப்பினால் சீசன் முடிந்ததும் கிளம்பலாம்.

அதற்குள் கோயம்புத்தூர் கிளப்பில் இரண்டு நாள் பயிற்சியைப் பாருங்கள். அங்கே எத்தனை பாயிண்ட் கார்டு என்று எண்ணுங்கள். ஏற்கெனவே மூன்று பேர் என்றால் பெஞ்சு அங்கேயும் காத்திருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். போக வர, நெரிசலோடு சேர்த்தால், மூன்று மணி நேரம் வரை போகும். அது தூக்கத்திலும் வீட்டுப்பாடத்திலும்தான் கழியும்.

உடம்பையும் பாருங்கள். வளரும் வயதில் முட்டிக்குக் கீழே எலும்பு துருத்தும் இடத்தில் வலி வருவது சகஜம், குதிக்கும் ஆட்டத்தில் அதிகம். பள்ளி, கிளப் இரண்டும் சேர்த்து வாரத்துக்கு 13 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வயது எத்தனையோ அத்தனை மணி என்பதே மேல் வரம்பு. வாரம் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும்.

கிளம்புவது உறுதியானால் கோச்சிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். ஃபீஸ் பாக்கியையும் ஜெர்சியையும் கொடுத்துவிட்டு, தடையின்மைச் சான்றை அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். பள்ளி டீமில் அவள் இடத்துக்கு இதனால் பாதிப்பில்லை. பள்ளிப் போட்டிகளில் படிக்கும் பள்ளிக்குத்தான் ஆட முடியும்.